சின்ன கடல் டேங்க்ல மீனு சைடு ஆக்டர் தான்

வீட்டுக்கு யாரு வந்தாலும் டேங்க் முன்னாடி நின்னு மொத கேக்குறது "எத்தனை மீன் இருக்கு"ன்னு தான். மூணுன்னு சொன்னதும் அவ்ளோ தானான்னு ஒரு பார்வை. 80 லிட்டர் கடல் தண்ணிக்கு அதுவே போதும்ங்க, ரெண்டு க்ளவுன்ஃபிஷ், ஒரு வாட்ச்மேன் கோபி. உள்ள நடக்குற கூத்தெல்லாம் முதுகெலும்பில்லாத கூட்டத்தோடது, அது கண்ணுல படணும்னா கொஞ்ச நேரம் சேர் போட்டு உக்காரணும்.

கோபியையே எடுத்துக்கோங்க, தனியா விட்டா சும்மா மணல்ல படுத்துக் கெடக்கும். கூட ஒரு பிஸ்டல் இறாலை விட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே பொந்துல குடித்தனம் ஆரம்பிச்சிரும். இறாலுக்கு கண்ணு சரியா தெரியாது, நாள் பூரா மணலை அள்ளி அள்ளி வெளிய தள்ளிட்டே இருக்கும், வெளிய வர்றப்ப மீசையை மட்டும் கோபி மேல வெச்சுக்கும், பெரிய உருவம் ஏதாச்சும் தெரிஞ்சா கோபி வாலை ஒரு ஆட்டு ஆட்டும், அடுத்த நொடி ரெண்டும் உள்ள. ராத்திரில டக்குனு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, டேங்க் கண்ணாடி விரிசல் விட்டுருச்சோன்னு தூக்கம் போயிரும். இந்த பிஸ்டல் இறால் கொடுக்கை மூடுற வேகத்துல தண்ணிக்குள்ள ஒரு குமிழி உருவாகி உடையுது, அந்த சத்தம் தான். விரல் நீளம் கூட இல்லாத பய!

க்ளீனர் இறால் வேற ரகம். கையை உள்ள விட்டா நேரா வந்து நகத்தை நோண்ட ஆரம்பிச்சிரும். திடீர்னு ஒரு நாள் காலைல மீசை, காலு எல்லாம் முழுசா ஒரு இறால் செத்துக் கெடக்குற மாதிரி இருக்கும், புதுசா வளக்குறவங்க நெறைய பேரு பதறிப் போயிருவாங்க. அது உரிச்சுப் போட்ட சட்டை. ஆளு புது ஓடு கெட்டியாகுற வரைக்கும் ஏதோ கல்லுக்கடியில ஒளிஞ்சிருக்கும்.

இந்த ஜீவன்களுக்கெல்லாம் உப்பு அளவு சட்டுனு மாறுனா தாங்காது. மீனு உடம்புக்குள்ள இருக்குற உப்பை தானே சரி பண்ணிக்கும், நட்சத்திர மீனுக்கு அந்த வசதி கெடையாது, தண்ணில எவ்வளவோ உடம்புலயும் அவ்வளவு. கடல் தண்ணின்னா லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. ஆவியாகிப் போறது வெறும் தண்ணி மட்டும் தான், உப்பு அப்படியே நிக்கும், 80 லிட்டர்ல 4 லிட்டர் போச்சுன்னா 35 கிட்டத்தட்ட 37 ஆயிரும். பெரிய டேங்க்ல 4 லிட்டர் ஒண்ணுமே இல்ல, சின்னதுல அது பெரிய விஷயம். அதனால தெனமும் கொறஞ்ச அளவுக்கு ஆர்.ஓ. தண்ணி, கவனிங்க, உப்பு போடாத தண்ணி தான் ஊத்தணும். உப்பை அளக்குறதுக்கு ரிஃப்ராக்டோமீட்டர்ங்கிற கருவியை வாங்கிருங்க, முள்ளு ஆடுற பிளாஸ்டிக் டப்பால ஒரு சின்ன காத்துக் குமிழி ஒட்டுனாலே அளவு தப்பாக் காட்டும். புதுசா வாங்கிட்டு வந்த இறாலை பையில இருந்து நேரா கொட்டாம டேங்க் தண்ணியை சொட்டு சொட்டா விட்டு பழக்கணும்.

இன்னொண்ணு, காப்பர். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தா கடைல கொடுக்குற மருந்து பலதுல காப்பர் இருக்கும், மீனு பொழைக்கும், இறால் நத்தை நண்டு மொத்தமும் காலி, கல்லும் மணலும் வேற அதை உறிஞ்சி வெச்சுக்கும். வைத்தியம் எதுவா இருந்தாலும் மீனை வேற தொட்டிக்கு மாத்திட்டு பண்ணுங்க.

டேங்க் செட் பண்ணதும் லைவ் ராக்கை (பாக்டீரியாவும் குட்டி உயிர்களும் குடியிருக்குற கடல் கல்லு) போட்டுட்டு நாலு முதல் ஆறு வாரம் பொறுக்கணும், அம்மோனியாவை நைட்ரைட்டாவும் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா வளரணும்ல. அம்மோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட்ல ஜீரோ காட்டுற வரைக்கும் எதையும் உள்ள விடாதீங்க. அதுக்கப்புறம் நத்தை, சந்நியாசி நண்டு (காலி சங்கு நாலஞ்சு போட்டு வைங்க, இல்லன்னா வீட்டுக்காக நத்தையை கொன்னுரும்), பெறகு இறால், கடைசியா மீனு.

நீல டேங் (blue tang) மீன் மட்டும் கேக்காதீங்க ப்ளீஸ், அது 30 சென்டிமீட்டர் வரை வளரும். மாண்டரின் மீனும் வேணாம், கல்லு மேல ஓடுற கோபெபாட்ங்கிற பொடிப் பொடி ஜீவன் தான் அதுக்கு சாப்பாடு, சின்ன டேங்க்ல அது சீக்கிரமே தீந்துரும், மீனு கண்ணு முன்னாடியே மெலிஞ்சு போகும்.