இரண்டேகால் பவுன்

12.96. இந்த எண்ணை நான் வாய்விட்டுச் சொன்னேனா, தராசின் முகப்பைப் பெரியவர் பக்கம் திருப்பிக் காட்டியதோடு நிறுத்திக்கொண்டேனா என்பது இப்போது குழம்புகிறது. சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அவருடைய பதில் அப்படியே நினைவிருக்கிறது.

“போன் மட்டும் செய், சன். அவர்கள் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.”

“13 வந்தால்தான் சார் போன்.”

அவர் கத்தவில்லை. கெஞ்சவும் இல்லை. மீனை நனைந்த வலைப்பையோடு இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு படித்துறைக்குப் போனார். தண்ணீருக்குள் அதன் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வால் ஒருமுறை பலமாக அடித்தது, மீன் போய்விட்டது. நான் உள்ளே வந்து லாட்டரி டிக்கெட் கிழிக்கத் தொடங்கினேன்.

கிழக்கு டெக்சாஸில் ஏரிக்கரைக் கடை என்றால் என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோல், பனிக்கட்டி, பொரித்த கோழி, உயிருள்ள இரைமீன், எல்லாம் ஒரே கூரையின் கீழ். உறவினர் கடை, நான்கு வருடம் நான்தான் கல்லாவில். எங்களிடம் கூடுதலாக ஒரு விஷயம் இருந்தது: சான்றிதழ் வாங்கிய ஒரு தராசும், பெரிய மீனை உயிரோடு வைத்திருக்க ஒரு தொட்டியும். ஷேர்லங்கர் என்று மாநிலத்தின் திட்டம் ஒன்று உண்டு. ஜனவரி முதல் மார்ச் முடிய, 13 பவுண்டோ அதற்கு மேலோ எடையுள்ள பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடித்தவர் அதை அரசுக்குக் கடனாகக் கொடுக்கலாம். போன் செய்தால் தொட்டி வைத்த வண்டியில் வந்து எடுத்துப்போவார்கள். குஞ்சு பொரிக்க வைத்து, குஞ்சுகளை ஏரிகளில் விடுவார்கள். பிடித்தவருக்கு மீனின் அச்சு அசலான வார்ப்பு ஒன்று கிடைக்கும், சுவரில் மாட்டிக்கொள்ள. பெரியவர் ஒரு டிரெய்லர் வீட்டில் தனியாக இருந்தார். மாட்டுவதற்கு என்னிடம் சுவர் எங்கே இருக்கிறது என்று முன்பு ஒருமுறை அவரே சிரித்திருக்கிறார். ஆகவே வார்ப்புக்காக அவர் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வேறு எதற்காக என்பதுதான் தெரியவில்லை.

13 பவுண்டுக்கும் 12.96 பவுண்டுக்கும் இடையே 18 கிராம். நம் கணக்கில் இரண்டேகால் பவுன். தங்கமாக இருந்தால் ஒரு மெல்லிய சங்கிலி.

நான் செய்தது சரி. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தராசுக்கு முன்னால் நிற்பவன் ஒருவருக்கு 18 கிராம் விட்டுக்கொடுத்தால் அடுத்தவருக்கு 50 கிராம் விட்டுக்கொடுக்க வேண்டும். போன் செய்திருந்தால் அவர்கள் மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்து, மறுபடி எடை போட்டு, குறைவு என்று திரும்பியிருப்பார்கள். அதுவரை சினைமீன் ஒன்று என் தொட்டியில் சுவரை முட்டிக்கொண்டு கிடந்திருக்கும். கலிபோர்னியாவின் டிக்சன் ஏரியில் 2006இல் ஒருவர் பிடித்த பாஸ், கைத்தராசில் 25 பவுண்டுக்கு மேல் காட்டியது. உலக சாதனையைத் தூக்கிச் சாப்பிடும் எடை. தூண்டில் முள் வாய்க்குள் இல்லாமல் வெளியே குத்தியிருந்தது, அப்படிப் பிடித்தது செல்லாது. அவர் மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார், சாதனை என்று கோரவும் இல்லை. விதி என்றால் அப்படித்தான்.

ஆனால் இதே வாதத்தை இன்னும் நான்கு அடி தள்ளிக்கொண்டு போனால் அது திரும்பி என்னையே கடிக்கிறது.

ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மாண்ட்கோமரி ஏரியில் பிடித்த பாஸ் 22 பவுண்ட் 4 அவுன்ஸ். பஞ்ச காலம். ஊரில் எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 77 வருடம் அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிடா பிடித்த மீன் 22 பவுண்ட் 4.97 அவுன்ஸ். பொய் சொல்கிறாரா என்று கருவி வைத்தே அவரைச் சோதித்தார்கள். தேறினார். எடை கூடுதல்தான், ஆனாலும் சாதனை முறியடிக்கப்பட்டதாக அறிவிக்கவில்லை, சமன் என்றார்கள். அந்த எடை வரிசையில் பழைய மீனைவிடக் குறைந்தது 2 அவுன்ஸ் அதிகம் இருந்தால்தான் புதிய சாதனை என்பது விதி.

இந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடம் நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், விதியின் கறாருக்கு உதாரணமாக. பெரியவர் போன பிறகு ஒரு இரவு படுக்கையில்தான் உறைத்தது: அந்த விதி கறாரைப் பற்றியதே அல்ல. 1932இல் ஒரு தராசு, 2009இல் வேறொரு தராசு; இரண்டு அவுன்சுக்குள் வருகிற வித்தியாசத்தை வித்தியாசமாகவே எண்ணாதே என்கிறது அது. என் மீனில் குறைவாக இருந்தது ஒரு அவுன்சுக்கும் கீழே, 0.64. உலக சாதனையையே தீர்மானிக்கிறவர்கள் பொருட்படுத்தாத அளவு வித்தியாசத்துக்காக நான் இல்லை என்று சொன்னேன்.

சரி, குறைந்தபட்ச எடை வேறு, சாதனை வேறு. அதுவும் உண்மைதான். எங்காவது ஒரு கோடு கிழிக்கத்தானே வேண்டும்.

இதில் நான் இதுவரை யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அவர் படகைக் கட்டியபோது சுவர்க் கடிகாரத்தில் மணி 7.40. பனிக்கட்டி லாரி அப்போதுதான் வந்திருந்தது. பெட்ரோல் பம்பு ஒன்று அட்டையை விழுங்க மறுத்து ஒரு பெண் கல்லாவில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “பெரிய மீன், சன்” என்று அவர் கதவோரம் தலையை நீட்டியதும், “ஐந்து நிமிடம் சார்” என்றேன். அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமானது. நான் போய்ப் பார்த்தபோது படகின் மீன்தொட்டியில் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில், பாதி செரித்து வெளுத்துப்போன ஷாட் மீன் ஒன்று மிதந்தது. உள்ளங்கை நீளம். விழுங்கியதைக் கக்கியிருக்கிறது.

அந்த ஷாட் 18 கிராமுக்கு மேல் இருந்திருக்கும். நிச்சயமாக இருந்திருக்கும். நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு இருவரும் மீனை மட்டும் பார்த்தோம்.

எடை போடும் நேரத்தில் மீன் என்ன எடையோ அதுதான் எடை. கக்கியதைக் கூட்ட முடியாது. ஆனால் 7.45க்கு நான் போயிருந்தால்? ஐந்து நிமிடத்தில் கக்கியதா, இருபத்தைந்தாவது நிமிடத்திலா, பிடித்தவுடனேயா? அவர் “போன் மட்டும் செய்” என்றபோது அதற்குள் இதெல்லாம் இருந்ததா, அல்லது நானாகவே போட்டுக்கொள்கிறேனா? ஒரு வார்த்தை, “நீ தாமதம் செய்தாய்” என்று சொல்லியிருந்தால் நான் உடனே போனை எடுத்திருப்பேன். அவர் சொல்லாததால்தான் எடுக்கவில்லை. இப்படி யோசிக்கும்போது பழி அவர் மீது நகர்வது எனக்கே தெரிகிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெரிய மீன்களை அவருக்குப் பிடிக்காது. “ஃப்ளோரிடாக்காரி” என்பார். அவருடைய அப்பா காலத்தில் எட்டு பவுண்ட் பாஸ் பிடித்தால் ஊரே வந்து பார்க்குமாம். அது மிகையல்ல. 1943இல் பிடிபட்ட பதின்மூன்றரை பவுண்ட் மீன்தான் 1980 வரை டெக்சாஸின் சாதனை. 37 வருடம் யாரும் அதை அசைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் மாநில அரசு ஃப்ளோரிடா வகையைக் கொண்டுவந்து, பொரிப்பகங்களில் பெருக்கி, ஏரிகளில் விடத் தொடங்கியது. நாட்டு மீனைவிடப் பெரிதாக வளரக்கூடியது, தூண்டிலுக்குச் சுலபத்தில் ஏமாறாதது. 1980இல் பழைய சாதனை உடைந்தது. 1986 நவம்பரில் ஃபோர்க் ஏரியில் 17.67 பவுண்ட், ஷேர்லங்கர் திட்டத்துக்கு வந்த முதல் மீன் அதுதான். 1992 ஜனவரியில் அதே ஏரியில் 18.18. அதைப் பிடித்தவர் பாஸைத் தேடியே போகவில்லை, கிராப்பி என்ற சிறு மீனுக்கு இரை போட்டிருந்தார். இன்றுவரை அதுதான் மாநிலச் சாதனை.

இப்போது விஞ்ஞானிகள் ஃப்ளோரிடா பாஸைத் தனி இனமாகவே எண்ணுகிறார்கள். ஏரிக்குள் அந்தப் பிரிவெல்லாம் எப்போதோ கலைந்துவிட்டது. ஐம்பது வருடக் கலப்பைப் பிரித்தெடுக்க எந்த வலையும் கிடையாது. எங்கள் ஊரில் ஜெர்சி மாடு வந்தபோது கிழவர்கள் திட்டிக்கொண்டே சொசைட்டிக்குப் பால் ஊற்றியது நினைவுக்கு வருகிறது. பெரியவரும் அப்படித்தான். “இது பிடித்த மீன் அல்ல, சன், தயாரித்த மீன்” என்று ஒருமுறை சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பெர்ரியின் மீன், பாஸ் இயற்கையாக வாழும் ஆற்றோரத்தில் பிறந்தது. குரிடாவின் மீன் கடல் தாண்டிக் கொண்டுபோன இனத்தின் வழிவந்தது. பீவா இருக்கும் ஷிகா மாகாணத்தில் பாஸ் ஒழிக்கப்பட வேண்டிய அந்நிய மீன். பிடித்தால் திரும்பத் தண்ணீரில் விடுவதற்கே தடை. அங்கே விடக் கூடாது, இங்கே வண்டி வைத்து வளர்க்கிறார்கள், தராசில் இரண்டும் சமன். இதைச் சொன்னதும் அவர் வெகுநேரம் சிரித்தார். அப்படிப்பட்டவர் அன்று அந்த ஃப்ளோரிடாக்காரியின் குஞ்சுகள் இந்த ஏரிக்குத் திரும்பி வர வேண்டும் என்று ஏன் ஆசைப்பட்டார்? ஆசைப்பட்டாரா? கேட்டிருக்கலாம்.

என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். முத்திரை குத்திய படிக்கற்கள். துவரம்பருப்பு நிறுக்கும்போது தட்டு நேராக நின்ற பிறகும் விரல்நுனியால் கொஞ்சம் தூவுவார். தட்டு வாங்குகிறவர் பக்கம் தாழ வேண்டும். “நேராக நிற்கிற தராசு கஞ்சனுடைய தராசு” என்பார். அதற்காக அவர் எடையில் பொய் செய்தார் என்று யாரும் சொன்னதில்லை. தன் பருப்பைத் தூவினார், அது வேறு. நான் தூவ வேண்டியிருந்தது என்னுடையதல்லாத ஒன்று. இந்த விளக்கம் எனக்குப் பல மாதம் போதுமானதாக இருந்தது.

மே மாதம் தராசைச் சோதிக்க ஆள் வந்தார். எடைக்கற்களை வைத்து எடுத்து, புதிய சீட்டு ஒட்டினார். “சரியாக இருக்கிறதா?” என்றேன். “அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது” என்றார். எவ்வளவு அனுமதி என்று கேட்க வாய் வந்தது. காபி வேண்டுமா என்று கேட்டேன்.

பெரியவர் அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை வந்தார். ஒரு டஜன் இரைமீன், ஒரு மூட்டை பனிக்கட்டி. எண்ணிப் போடும்போது நான் பதினாறு, பதினேழு என்று போட்டுவிடுவேன். ஒரு நாள் அவர் வாளிக்குள் பார்த்து, “உனக்கு எண்ணத் தெரியாதா, சன்?” என்றார். அடுத்த வாரத்திலிருந்து பன்னிரண்டு மட்டும் போட்டேன்.

கடை கைமாறியபோது பழைய பதிவேடுகளைப் பெட்டியில் கட்டியது நான்தான். அந்த பிப்ரவரியின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். மீனின் நீளம், சுற்றளவு, எடை 12.96, எல்லாம் தெளிவாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தன. வந்த நேரம் என்ற கட்டத்தில் 8.10 என்று இருந்தது. என் கையெழுத்துதான்.