மகளுக்கு அங்கன்வாடி பார்த்த கதை

மகளுக்கு மூன்று வயது முடிந்தது. தனியார் நர்சரியில் பணம் கட்டுவதற்கு முன், தாராபுரம் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள அங்கன்வாடிகளை நேரில் பார்த்துவிட முடிவு செய்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனால் எல்லா மையமும் ஒன்றுபோலத்தான் தெரியும். காலை பதினோரு மணிக்குப் போக வேண்டும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கள் தெரு மையம் வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது. டீச்சர் அன்பானவர். ஆனால் எடை, உயரம், வருகை என்று பதிவேட்டில் எழுதி, போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்றவே அவருக்கு நேரம் போய்விடுகிறது. ஆயா அடுப்படியில். பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஆள்மீது இத்தனை வேலையைச் சுமத்துவது அநியாயம்.

அடுத்தது அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருப்பது. 2019 ஜனவரியில் 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்களே, அவற்றில் ஒன்று. பெற்றோர் பலருக்கு இதுதான் பிடிக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. 'அ' எழுதிக்கொண்டிருந்த ஒரு பையன் பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். விரல்கள் பழகாத வயதில் பக்கம் பக்கமாக எழுத்து எதற்கு?

பக்கத்துக் குக்கிராமத்து மையத்தில்தான் மனம் நிறைந்தது. அந்த மாதத் தலைப்பு காய்கறி. டீச்சர் தரையில் உட்கார்ந்து கூடையைக் கவிழ்த்தார். ஒரு சிறுமி கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து பார்த்து, "முருங்கைக்காய்!" என்று கத்தினாள். மற்றவர்கள் கத்திரிக்காய்க்குச் சண்டை போட்டார்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் இருந்தது. தண்ணீரும் வந்தது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கழிப்பறைக்குப் பயந்து அடக்கிக்கொள்ளும் குழந்தையால் எதில் மனம் செலுத்த முடியும்? முட்டை, கலவை சாதம், சுண்டல் எல்லாம் எந்த மையத்திலும் உண்டு.

அது எங்கள் பகுதிக்கான மையம் இல்லை என்று முதலில் தயங்கினார்கள். வட்டாரத்தில் மேற்பார்வையாளரைப் பார்த்துப் பேசியதும் இடம் கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை போதும், கட்டணம் கிடையாது.

எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் இன்னும் அந்த வாடகைக் கட்டடத்துக்குத்தான் போகிறார்கள். அடுத்த கிராம சபையில் அதற்குச் சொந்தக் கட்டடமும் கூடுதலாக ஓர் ஆளும் கேட்டு மனுக் கொடுக்கிறோம்.