தேதியோடு வரும் ஐந்து சங்கீதங்கள்

நம் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமத்துச் சங்கீதம் என்றால் 23, 91, 121. பயணம் கிளம்பும்போதும், காய்ச்சல் வந்தாலும், பரீட்சை அன்றும் இவைதான். நல்ல சங்கீதங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் மனசு வறண்டு கிடக்கிற நாட்களில் தெரிந்த மூன்றையே திரும்பச் சொல்லும்போது வாய் சொல்கிறது, உள்ளம் எங்கோ போய்விடுகிறது. சந்தோஷம் திரும்பி வர, நம் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்காத சங்கீதங்களும் வேண்டும்.

அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. இப்படி 30 நாளில் 150 சங்கீதமும் முடிந்துவிடும். 119 மட்டும் 176 வசனம். 29-ஆம் தேதி அதை விட்டுவிட்டு 31-ஆம் தேதிக்கு வைத்துக்கொள்ளலாம். எட்டெட்டு வசனமாக 22 பகுதி. வீட்டில் ஆளுக்கொரு பகுதியாகச் சுற்றி வந்தால் பிள்ளைகளும் சலிக்காமல் வாசிப்பார்கள்.

எல்லா நாளும் ஒரே அளவு இருக்காது. 3-ஆம் தேதி மொத்தமே 50 வசனம். 18-ஆம் தேதி 157 வசனம். 78-ஆம் சங்கீதம் மட்டுமே அதில் 72. அன்று ஒரே மூச்சில் உட்காராமல் 18, 48 இரண்டையும் காலையில் முடித்துவிடுங்கள்.

இந்த முறையின் அருமை தெரிவது 28-ஆம் தேதி. 28, 58, 88, 118, 148. சங்கீதங்களிலேயே மிகவும் இருண்டது 88. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பலவற்றில் கடைசியிலாவது ஒரு ‘ஆனாலும்’ வரும். இதில் அது கிடையாது. நண்பர்கள் தூரமாகிப்போன துக்கத்தோடு அப்படியே முடிகிறது. ஆறுதல் வசனம் தேடி அவசரமாகப் பக்கம் புரட்டாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். துக்கத்தில் இருக்கிறவருக்கு, தன் வார்த்தை வேதத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதே பெரிய ஆறுதல். பிறகு 118-ஐத் திறந்தால், ஆகாதென்று தள்ளின கல் மூலைக்குத் தலைக்கல்லாகிறது. “இது கர்த்தர் உண்டுபண்ணின நாள்” என்ற வரி வருகிறது. 88-ஐ வாசித்த வாயோடு அதை வாசிக்கும்போதுதான் அதன் கனம் தெரியும். அதனால் இந்த இரண்டையும் காலை, இரவு என்று பிரிக்க வேண்டாம்.

சத்தமாக வாசியுங்கள், மெதுவாக. அடைப்புக்குறிக்குள் வரும் ‘சேலா’ பாடகர்களுக்கான குறிப்பு என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அதைச் சொல்லாமல் ஒரு மூச்சு நிறுத்தினால் போதும். எதிரிகளின் பல்லை உடைக்கச் சொல்லும் 58 போன்றவை வரும்போது பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். பழிவாங்கும் எண்ணத்தைக் கையால் தீர்த்துக்கொள்ளாமல் ஆண்டவரிடம் ஒப்படைக்கிற ஜெபம் அது என்று சொல்லிக்கொடுங்கள்.

குடும்ப ஜெபம் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம். சீரியல் எல்லாம் முடிந்து பத்து மணிக்கு உட்கார்ந்தால் சின்னவன் தூங்கி விழுவான். சாப்பாட்டுக்கு முன்னாலே, விளக்கு வைத்த கையோடு உட்காருவது நல்லது. இன்னொரு காரணம், ஜெபத்துக்குள்ளே திட்டுவது. “ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குப் படிக்கிற புத்தியைக் கொடும்” என்று எல்லார் முன்னாலும் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு ஜெபவேளையே தண்டனையாகிவிடும். அதைத் தனியே ஜெபியுங்கள். குடும்பமாக இருக்கும்போது, அன்று நடந்த ஒரு நல்ல காரியத்தை ஆளுக்கொன்றாகச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துங்கள். ‘எல்லா நன்மைகளுக்காகவும்’ என்று மொத்தமாகச் சொல்ல வேண்டாம். தண்ணீர் லாரி வந்தது, பாட்டிக்கு இருமல் குறைந்தது, கணக்கு டீச்சர் சிரித்தார் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் விட்டுப்போனால் பாக்கியைச் சேர்த்து வாசிக்கப் பார்க்காதீர்கள். பதினைந்து சங்கீதம் குவிந்துவிட்டதே என்ற மலைப்பிலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். இன்றைய தேதியில் தொடங்குங்கள். விட்டது அடுத்த மாதம் தானே வரும்.

பிப்ரவரி ஒன்றுதான் இடிக்கும். 150-ஆம் சங்கீதம் இல்லாமல் மாதத்தை முடிக்க மனம் வராது. 28-ஆம் தேதி இரவு 148-க்குப் பிறகு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம்தான், கடைசி வசனத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லலாம்.