மண் வெட்டுவது முதல் மோட்டுவளை ஏற்றுவது வரை: சீனக் கிராம வீட்டுக் குறிப்புகள்

அக்டோபர் 12, 2025

சீனக் கிராமத்தில் வீடு கட்ட இறங்குகிறவர் முதலில் புரட்டுவது தோங்ஷு எனும் பஞ்சாங்கத்தை. எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாளுக்கு நாள் அதில் இருக்கும். மண் வெட்டலாம் என்றிருந்தால் மட்டும் போதாது. சீன ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கு உண்டு; வீட்டுக்காரர் பிறந்த ஆண்டின் விலங்கோடு அந்த நாள் மோதக்கூடாது.

அடுத்தது திசை. தாய்சுய் எனும் ஆண்டுத் தேவன் 12 ஆண்டில் ஒரு சுற்று வருகிறார். 2025 பாம்பு ஆண்டில் தெற்கை ஒட்டிய தென்கிழக்கில் இருந்தார். அவர் தலைமேல் மண்வெட்டி போடாதே என்பது அங்கே பழமொழி. ‘மூன்று கேடுகள்’ எனும் தீய சக்திகள் நின்றதால் கிழக்கும் அந்த ஆண்டு ஆகவில்லை. முதல் மண்ணை வேறு மூலையில் எடுக்கிறார்கள். அதற்கு முன் மண்ணின் காவல் தெய்வமான தூதி கோங்குக்கு ஊதுவத்தி, பழம், இறைச்சி, மது படைத்து, காகிதப் பணம் எரித்து, பட்டாசு வெடிக்க வேண்டும்.

அக்டோபர் 19

தலைவாசல். அதிகம் பேர் தவறுவது இங்கேதான்.

தச்சர்களின் குலகுரு லூ பான் பெயரால் ஒரு அளவுகோல் உண்டு. இன்றைய டேப்பில் அது 42.9 செ.மீ. எட்டுப் பாகம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5.36: செல்வம், நோய், பிரிவு, நேர்மை, பதவி, களவு, கேடு, மூலம் (அடிப்படை). இதில் செல்வம், நேர்மை, பதவி, மூலம் நான்கும் நல்லவை, டேப்பில் சிவப்பு. மற்றவை கறுப்பு. 42.9 முடிந்ததும் மறுபடி செல்வத்திலிருந்து தொடங்கும்.

நம் மனையடி அறையின் அடிக்கணக்கைப் பார்க்கிறது. லூ பான் கோலோ வாசல் நிலையின் உள்ளளவை, ஆள் நுழையும் இடைவெளியைப் பார்க்கிறது. அகலம் 108 என்றால் பதவி. 100 என்றால் பிரிவு. உயரம் 210 என்றால் மூலம், நல்லது. ஆனால் கொத்தனார் வெறுந்தரையிலிருந்து 210 வைத்துவிட்டுப் போவார். பிறகு கலவையும் டைல்ஸும் சேர்ந்து 5 செ.மீ. ஏறும். மிச்சம் 205. அது கேடு. நிலையைப் பிடுங்கி மறுபடி நட யாருக்கும் மனம் வராது. அதனால் முடிந்த தரைமட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக்கொண்டு அங்கிருந்துதான் டேப்பைப் பிடிக்க வேண்டும்.

நவம்பர் 4

இன்று சீன ஒன்பதாம் மாதம் 15, முழுநிலா நாளாகக் கொள்ளும் தேதி. கிழக்குச் சீனாவின் ஜெஜியாங் பக்கம், கூரை உச்சியில் கிடக்கும் உத்தரமான மோட்டுவளையை ஏற்ற முழுநிலா நாளையும் ஓதநீர் ஏறும் வேளையையும் விரும்புவார்கள்: குடும்பம் நிறையும், பணம் பெருகும்.

வளைக்கு நேராக வளர்ந்த ஷான்மூ எனும் ஊசியிலை மரம். வெட்டியது முதல் தரையில் படக்கூடாது, யாரும் தாண்டக்கூடாது, மரக்குதிரை எனும் தாங்கிமேல்தான் கிடக்கும். பல ஊர்களில் அடிமரம் கிழக்கே பார்க்கும். துஜியா எனும் சிறுபான்மை இன மக்களிடம் இந்த மரத்தை இன்னொருவர் காட்டில் ‘திருடுவது’ வழக்கம். அடிக்கட்டையில் சிவப்பு உறையில் பணம் வைத்துவிட்டு வருவார்கள். உரியவர் எவ்வளவு திட்டுகிறாரோ அவ்வளவு நல்லது.

ஏற்றுமுன் வளையின் நடுவில் தச்சர் சிறு குழி செதுக்குகிறார். தெறிக்கும் மரச்சீவலைக் கணவனும் மனைவியும் உடையில் ஏந்துகிறார்கள். குழியில் அரிசி, தேயிலை. மேலே சிவப்புத் துணியைச் சாய்சதுரமாக விரித்து, செப்புக்காசு வைத்து ஆணி அடிக்கிறார். சேவலின் கொண்டையைக் கீறி ரத்தத்தை வளையில் தடவுகிறார். வளை அமர்ந்ததும் மேலிருந்து ஆவியில் வெந்த மந்தோ எனும் ரொட்டி, மிட்டாய், காசு இறைக்கிறார்கள். முதல் மந்தோ வீட்டாருக்கு, துணி விரித்துப் பிடிக்க வேண்டும், பிறகுதான் ஊருக்கு.

நவம்பர் 6

தச்சருக்குச் சோறும் கூலியும் குறையக்கூடாது. மனம் புண்பட்ட தச்சர் சுவருக்குள் பொம்மையை ஒளித்து வைத்துவிடுவார் என்ற பயம் பழையது. பழைய தச்சுக் கையேட்டிலேயே அந்தச் சூனியங்களும் மாற்றுகளும் எழுதியிருக்கின்றன. வளை நாளில் தச்சருக்குச் சிவப்பு உறையும் விருந்தில் நல்ல இடமும் தருவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நவம்பர் 23

இப்போது கான்கிரீட் வீடுகளில் வளை ஏது? கடைசித் தளம் போடும் நாளில் சிவப்புத் துணி கட்டி, பட்டாசு வெடித்து, மிட்டாய் இறைத்து அதே சடங்கை முடிக்கிறார்கள்.

குடிபுகும்போது வெறுங்கையோடு நுழையக்கூடாது. அரிசியும் பழைய அடுப்பின் நெருப்பும் முன்னே போகும். அடுப்பு மூட்டித் தண்ணீர் கொதித்த பிறகுதான் மற்ற சாமான்கள்.