பலா விழுந்த திசை

புயல் ஆய்வு என்றதும் நான் கடற்கரையிலேயே கிடந்திருப்பேன் என்று நினைக்கிறார்கள். என் பணிக்காலத்தில் பாதி டெல்லி லோதி சாலையில், வானிலை ஆய்வுத் துறைத் தலைமையகத்தில் ஓடிவிட்டது. வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்கு எச்சரிக்கை போவதும் பெயர் சூட்டுவதும் அங்கிருந்துதான்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை. வெளியே குளிர், திரையில் ‘தானே’ புயல். பெயர்ப் பட்டியலுக்கு மியான்மர் கொடுத்த பெயர். தமிழில் வாசித்தால் அழையா விருந்தாளி மாதிரி இருக்கும். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்துகொண்டிருந்தது. கடலூருக்கு வடக்கே எங்கள் ஊர்.

சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடாரின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 10 செ.மீ. அலை, கனமழையையும் ஊடுருவிப் போகும். மழைத்துளிகள் ரேடாரை நோக்கி வருகின்றனவா, விலகுகின்றனவா என்பதை வைத்துக் காற்றைக் கணக்கிடுவோம். புயலின் நடுவே காற்று அடங்கிக் கிடக்கும் வட்டத்தைக் கண் என்போம்; அதற்கு மேற்கே விலகும் நிறம், கிழக்கே நெருங்கும் நிறம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், சொல்லக் கூசுகிறது.

ஆனால் பூமி உருண்டை. அலைக்கற்றையும் லேசாக மேல்நோக்கித்தான் கிளம்பும். 150 கி.மீ. போவதற்குள் தரையிலிருந்து இரண்டரை கி.மீ. உயரத்துக்கு ஏறிவிடும். அதற்குக் கீழே நடப்பது அதற்குத் தெரியாது. எங்கள் வீடும் அந்தக் கீழேதான்.

அப்போது அம்மா கூப்பிட்டார். "காத்து நின்னுடுச்சுப்பா. வெயில்கூட லேசா தெரியுது. மாட்டை அவுத்துட்டு வந்துடறேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அம்மா, அது புயலோட கண்ணு. உள்ளே போய்க் கதவைச் சாத்துங்க. வடக்கேயிருந்து அடிச்சது இனி தெற்கேயிருந்து அடிக்கும்."

"அப்படியா? சரி, மாடு?"

லைன் அறுந்துவிட்டது.

அன்றைய ஷிஃப்டில் கண்ணின் இடத்தைக் குறித்தேன், அடுத்த அறிக்கைக்கு எண்கள் கொடுத்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. முந்திரி, பலாத் தோப்புகள் மொத்தமாகப் போன செய்தி அப்புறம்தான் வந்தது.

மூன்றாம் நாள் அம்மாவிடம் பேச முடிந்தது. மாடு பிழைத்துவிட்டது. "பலா தெற்கே பாத்து விழுந்து கெடக்கு. கொட்டாய்த் தகரம் வடக்கே முருங்கை மேல தொங்குது."

பலாவைச் சாய்த்தது முதல் காற்று, தகரத்தைப் பிய்த்தது இரண்டாவது. நோட்டை எடுத்து இரண்டு திசையையும் எழுதிக்கொண்டேன். "என்னடா, பேச்சைக் காணோம்?" என்றார் அம்மா.