கையிலுள்ள எழுத்துகளால் சொல் வடிகட்டல்: கோட்லின் நிரல்மொழியில் செய்து பார்த்தது

சொல் விளையாட்டுச் செயலியில் கையிருப்பு எழுத்துகளால் அமையும் சொற்களை மட்டும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலைத் தமிழுக்கு அப்படியே போட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. விடைதான் தப்பாக வரும். கையில் இருப்பது பா, டி. ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துச் சரத்தை, உடைத்தால் ப, கால், ட, இகரக் குறி என்று நான்கு குறியீடுகள் கிடைக்கும். அவற்றை எண்ணிப் பார்க்கும் நிரல் ‘படி’யையும் அனுமதித்துவிடும். ‘ப’ என்ற எழுத்தோ கையில் இல்லவே இல்லை.

அதனால் முதலில் எழுத்துப் பிரிப்பு. ஒரு குறியீட்டின் யூனிகோட் எண் 3006 முதல் 3021 வரையோ 3031 ஆகவோ இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புது எழுத்து தொடங்கு. இந்த ஒரே விதி போதும். ‘தமிழ்’ ஐந்து குறியீடுகள், மூன்று எழுத்துகள். க்ஷ, ஸ்ரீ இரண்டும் இவ்விதியில் இரண்டிரண்டாக உடையும். விளையாட்டில் அவற்றை ஒரே எழுத்தாகக் கொள்வதென்றால் பிரிப்பதற்கு முன்பே தனியாகப் பிடிக்க வேண்டும்.

பிரிப்பதற்கு முன் பட்டியலைச் சுத்தம் செய்யாவிட்டால் சில சொற்கள் ஒருநாளும் அகப்படாது. ‘கொ’வை இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று பிரித்து மூன்றாகவும் எழுதலாம், திரையில் வேறுபாடே தெரியாது. என்எஃப்சி என்ற யூனிகோட் சீராக்க முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ‘ஔ’ வேண்டிய இடத்தில் ‘ஒ’, ‘ள’ என்று தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது, கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். 8203, 8204, 65279 ஆகிய மறைகுறிகளையும் நீக்குங்கள், ஓரத்து வெற்றிடங்களை வெட்டும் ட்ரிம் அவற்றை விட்டுவிடும். கோப்பின் முதல் சொல் மட்டும் எப்போதும் சிக்காவிட்டால் காரணம் பெரும்பாலும் 65279தான்.

வேகத்துக்கு பிட்மாஸ்க், அதாவது எழுத்துக்கு ஒரு பிட் என்று ஒரே எண்ணில் குறித்துவைப்பது. உயிர்மெய்களையும் சேர்த்தால் 247 எழுத்துகள், 64 பிட்டில் அடங்காது. உயிர்மெய்யை மெய், உயிர் எனப் பிரித்து அடிப்படை எழுத்துகள் மட்டும் என்றால் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, கிரந்தம் 5, ஆக 36. லாங் எனும் 64 பிட் எண் ஒன்றில் அடங்கிவிடும். இங்கே 1 என்று மட்டும் எழுதி இடப்பக்கம் நகர்த்தினால் அது 32 பிட் இன்ட். 33 இடம் நகர்த்தச் சொன்னால் ஒரே இடம்தான் நகரும், இரண்டு எழுத்துகளுக்கு ஒரே பிட் விழும். எண்ணை லாங்காகவே எழுதுங்கள். சொல்லின் மாஸ்கில், கையிருப்பின் மாஸ்கில் இல்லாத பிட் ஒன்று இருந்தாலும் சொல்லைத் தள்ளிவிடலாம்.

மாஸ்க் எண்ணிக்கை அறியாது. ஒரே ஒரு ‘பா’வும் ‘ப்’பும் இருந்தாலே ‘பாப்பா’ இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். எனவே தேறிய சொற்களுக்கு மட்டும் முழு எழுத்துவாரியாக எண்ணிக்கையைக் கழித்துப் பாருங்கள். கையிருப்பை, எதையும் ஒருமுறை மட்டுமே வைத்திருக்கும் செட்டாக மாற்றிச் சோதிப்பதிலும் இதே ஓட்டைதான்.

எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் காய் இருந்தால் இல்லாத பிட்டுகளை எண்ணி, அது வெற்றுக் காய்களின் இருமடங்கைவிடக் கூடினால் மட்டும் தள்ள வேண்டும், ஏனென்றால் ஓர் உயிர்மெய்யிலேயே இரண்டு பிட்டுகள் குறையலாம். இறுதிச் சோதனையிலும் மொத்தப் பற்றாக்குறையை வெற்றுக் காய்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். மாஸ்க்கையும் எழுத்து வரிசையையும் செயலியைக் கட்டும்போதே கணக்கிட்டுக் கோப்பில் வைத்துவிட்டால், போனில் பிரிக்கும் வேலை கையிருப்புக்கு மட்டுமே மிஞ்சும்.