வெரோனாவில் ஒரு பச்சைச் சால்வை

இத்தாலியின் வெரோனாவுக்கு வருபவர்கள் முதலில் தேடிப் போவது, ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடக நாயகியின் வீடு என்று காட்டப்படும், கப்பெல்லோ தெருவிலுள்ள ஜூலியட் வீட்டைத்தான். நாங்களும் போனோம். முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்க்கும் அந்த மாடமே 20ஆம் நூற்றாண்டில் சேர்த்துக் கட்டியதுதான். ஆனால் ஜூலியட்டின் பெயருக்கு வரும் காதல் கடிதங்களுக்கு ஊர்த் தன்னார்வலர்கள் இன்றும் கைப்பட பதில் எழுதுகிறார்கள் என்பது என்னை நெகிழ வைத்தது.

உண்மையான காதல் பேச்சை நான் கேட்டது அங்கே அல்ல, பியாத்சா தெல்லே எர்பே சதுக்கத்தில். பொழுது சாயும் நேரத்தில் ஊரே நன்றாக உடுத்திக்கொண்டு உலாவ வருகிறது. அடுத்த மேசைக்கு வயதான தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அம்மையார் பச்சைச் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டார். கணவர் அதைப் பார்த்துவிட்டு, "கோமே ஸ்தாய் பேனே ஸ்தசேரா!" என்றார். இன்று மாலை எவ்வளவு அழகாக இருக்கிறாய்! "மா தாய்!" என்று அம்மையார் சிரித்தார். நம் வீட்டுப் பெண்கள் "அட, போங்கள்" என்பார்களே, அதே குரல். காபி வைக்க வந்த பணியாளரும், "ஐயா சொல்வது சரிதான், சின்யோரா" என்று சேர்ந்துகொண்டார். யாரும் கூச்சப்படவில்லை.

நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நிலா, நட்சத்திரம் எல்லாம் வேண்டாம். இன்று உன் மனைவியிடம் உன் கண்ணில் பட்டதைச் சொல். ஒருமுறை சொன்னால் போதும்" என்றார். 'மிக அழகு' என்பதற்கு இத்தாலிய மொழியில் பெண்ணுக்கு 'பெல்லிஸ்ஸிமா', ஆணுக்கு 'பெல்லிஸ்ஸிமோ'. ஆண்களையும் தாராளமாகப் பாராட்டுகிறார்கள். 'உன்னைக் காதலிக்கிறேன்' என்னும் 'தி ஆமோ' மட்டும் காதலுக்கே உரியது. அம்மாவிடமும் நண்பரிடமும், உன்மேல் பாசம் என்ற பொருளில், 'தி வோல்யோ பேனே' என்பார்கள். தெருவில் போகும் முன்பின் தெரியாத பெண்ணிடம் இவற்றைச் சொல்வது பாராட்டு ஆகாது, தொல்லைதான். அதை அந்த அம்மா அழுத்திச் சொன்னார்.

மறுநாள் பியேத்ரா பாலத்துக்குப் போனோம். 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்த பாலம் இது. அடிஜே ஆற்றிலிருந்து கற்களை மீட்டெடுத்து மறுபடியும் கட்டினார்கள். அதன் நடுவில் நின்று, "கோமே ஸ்தாய் பேனே" என்றேன் மனைவியிடம்.

"எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்றாள்.

"இந்த நீலச் சுங்குடியை. நீ கொசுவம் மடித்திருக்கும் நேர்த்தியை" என்றேன் தமிழில்.